நேர்வும் நேர்ந்தவரும்

வணிக மேலாண்மை பயிலும் இளைஞர்கள் இன்று நம் பங்குகளில் அரியவர் அல்லர். வகுப்பில் பாடம் எவ்வாறு நடைபெறுகிறது என்று அவர்களை வினவினால் ‘கேஸ் ஸ்டடி’ என்னும் சொல்லே முதலில் வரும். ஒரு நிறுவனத்துக்கு உண்மையாகவே நேர்ந்த ஓர் இக்கட்டு சில பக்கங்களில் எழுதப்பட்டு, முன்னதாகவே மாணவர் கையில் தரப்படுகிறது. மறுநாள் வகுப்புக்கு வரும் ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. அந்த நிருவாகியின் இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர் என்று ஒருவரை எழுப்பிக் கேட்கிறார். அவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். மூன்றாமவர் இருவரையும் மறுக்கிறார். மணி அடிக்கும்போது முடிந்த முடிபு என்று எதுவும் கரும்பலகையில் இருப்பதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத் தேர்வுகளிலும் அண்மை ஆண்டுகளில் இவ்வகை வினாக்கள் இடம்பெறுவதால், பள்ளிப் பிள்ளைகளும் இச்சொல்லை அறிந்துள்ளனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உலகுக்கு அளித்த புதுமுறை இது என்பதே பொதுவான எண்ணம்.

ஹார்வர்டு இம்முறையைத் தானே கண்டடைந்தது என்பது மெய். ஆனால் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே முறையில் பாடம் நடந்த வகுப்பறைகள் இருந்தன. அங்கே பயின்றவர்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போகும் குருக்கள். அவ்வகுப்பறைகளின் ஏற்றமும் வீழ்ச்சியும் நம் பொதுநிலையினர் பலருக்குச் சொல்லப்படாத வரலாறு. இன்றைய கல்லூரி வகுப்புக்கும் அதிலிருந்து கற்க ஏதோ இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘கேஸ்’ என்பதைத் தமிழ்க் கல்வியாளர் சிலர் ‘நேர்வு’ என்று மொழிபெயர்க்கின்றனர். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திராது. இலத்தீனில் ‘காசுஸ்’ என்பது விழுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். ஒருவர்மீது வந்து விழுந்தது, ஒருவருக்கு நேர்ந்தது என்பது பொருள். நேர்வு என்றால் நேர்ந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

நேர்வைக் கொண்டு கற்பித்தல் மனித இனத்தின் பழைய வழக்கம்தான். தாவீதின் குற்றத்தை இறைவாக்கினர் நாத்தான் நேரே எடுத்துரைக்கவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் வழக்கை முன்வைத்து அரசனையே தீர்ப்புச் சொல்லச் செய்தார். அடுத்திருப்பவர் யார் என்று வரையறை கேட்ட திருச்சட்ட அறிஞருக்கு ஆண்டவர் வரையறை தரவில்லை. எரிக்கோ சாலையில் நேர்ந்ததைச் சொல்லிவிட்டு, மூவருள் யார் என்ற கேள்வியை அவரிடமே திருப்பினார். நம் பாட்டிமார் சொன்ன மரியாதைராமன் கதைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் ஒரு பள்ளியின் பாடத்திட்டமாக இது அமைந்த கதை வேறு.

1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பகுத்தறியும் வயதை அடைந்த கிறித்தவர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. அதே விதி குருவுக்கும் இரு கடமைகளைச் சுமத்தியது. தேர்ந்த மருத்துவரைப்போலப் பாவத்தின் சூழலையும் பாவியின் சூழலையும் விசாரித்தறிய வேண்டும். கேட்டதை எவ்விதத்திலும் வெளியிடலாகாது. இவ்விரு கடமைகளிலிருந்தே பின்வந்த வரலாறு முழுவதும் கிளைக்கிறது. சூழலை விசாரிக்க வேண்டுமானால் குருவுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நேர்வுகள் வேண்டும். ஆனால் உண்மையில் கேட்ட நேர்வை வகுப்பில் சொல்ல அறிக்கை இரகசியம் இடம்தராது. ஆகவே நேர்வுகளைப் புனைய வேண்டியதாயிற்று. பெனபோர்த் நகர் புனித இரேமுந்து போன்றோர் 13ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய நேர்வுகளைத் தொகுத்து நூல் செய்தனர்.

நூல் இருந்தது, ஒழுங்கான வகுப்பறை இல்லை. பங்குக் குருக்களுள் பெரும்பாலோர் மூத்த குரு ஒருவரிடம் உடனிருந்து கற்றவர்களே. திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப் பணித்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னரே இயேசு சபையினர் மெசினாவிலும் (1548) உரோமையிலும் (1551) கல்லூரிகள் நிறுவியிருந்தனர். அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி 1599இல் அவர்கள் வெளியிட்ட கல்வித் திட்டத்தில், மனச்சான்று நேர்வுகளைக் கற்பிக்கும் பேராசிரியருக்கெனத் தனி விதிகள் உள்ளன. தேர்ந்த பங்குக் குருக்களை உருவாக்குவதே அவருடைய இலக்கு என்று முதல் விதியே கூறுகிறது. அவர் நுண்மையான இறையியல் ஆராய்ச்சிக்குள் புகுந்து நேரத்தைச் செலவிடலாகாது. தம் கருத்துக்கு மாறான கருத்தும் ஏற்கத்தக்கதாயின் அதையும் மாணவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். பாடம் இரண்டு ஆண்டு நீடித்தது. திருவருட்சாதனங்களும் அந்தந்த நிலையினரின் கடமைகளும் ஒரு பேராசிரியருக்கு. பத்துக் கட்டளைகள் மற்றொருவருக்கு. ஒப்பந்தங்களும் கடன்களும் ஏழாம் கட்டளையின்கீழ் வந்தன. வகுப்புக்கு வெளியே குருக்கள் கூடும் நேர்வுக் கூட்டங்களும் இருந்தன. ஆராய வேண்டிய நேர்வு முன்கூட்டியே அறிவிக்கப்படும், குறிக்கப்பட்டவர்கள் ஆசிரியர்களின் நூல்களைப் புரட்டிக்கொண்டு வருவர், ஒவ்வொருவரும் கருத்துரைப்பர், தலைவர் தொகுத்துரைப்பார். இன்றைய மேலாண்மை மாணவர் இவ்விதிகளைப் படித்தால் தம் கல்லூரியின் கையேடோ என்று ஐயுறுவார்.

அங்கே பாடம் நடந்த விதத்தை வட்டியை வைத்து விளக்கலாம். ஐயத்துக்கு இடமற்ற நேர்வு ஒன்று முதலில் வைக்கப்படும். பசியால் வாடும் உழவர் ஒரு மூட்டை தானியம் கடன் கேட்கிறார்; கொடுப்பவர் ஒன்றேகால் மூட்டையாகத் திருப்பிக் கேட்கிறார். இது பாவம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இனிச் சூழல் ஒவ்வொன்றாக மாற்றப்படும். யார், என்ன, எங்கே, எவர் துணையால், ஏன், எவ்வாறு, எப்பொழுது என்னும் ஏழு வினாக்களே கருவி. கடன் வாங்குபவர் உழவராக இல்லாமல் கப்பல் வணிகராக இருந்தால்? கொடுத்த பணத்தைத் தாமே வணிகத்தில் இட்டிருந்தால் கொடுத்தவருக்கும் ஆதாயம் வந்திருக்கும் என்றால்? குறித்த நாளில் திரும்பாததால் அவருக்கு இழப்பு நேர்ந்தால்? ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றே: இந்த நேர்வு அந்தத் தெளிவான முதல் நேர்வோடு எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்விடத்தில் விலகுகிறது? விதியிலிருந்து நேர்வுக்கு இறங்குவதைவிட, தெரிந்த நேர்விலிருந்து தெரியாத நேர்வுக்கு அடியடியாக நடப்பதே இந்தக் கலை. 1515இல் ஜெர்மானிய இறையியலாளர் எக், ஐந்து விழுக்காட்டு ஒப்பந்தம் தகும் என்று பொலோஞ்ஞாவில் வாதிட்டார். அவர் பின்னால் ஃபுக்கர் என்னும் வங்கிக் குடும்பம் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டில் திருத்தந்தை பத்தாம் லியோ, ஏழைகளுக்கு அடகின்பேரில் கடன் தரும் அறநிலையங்கள் தம் செலவுக்காகச் சிறு தொகை பெறலாம் என்று ஒப்புதல் அளித்தார். இரண்டும் வட்டி பற்றிய நேர்வுகளே. ஒன்றை எழுதியது வங்கிக்காரரின் தேவை. மற்றதை எழுதியது அடகு வைக்க வந்தவரின் தேவை.

உரோமைக் கல்லூரியில் இறையியல் பயின்ற இராபர்ட் தெ நொபிலி 1605இல் கோவாவுக்கும் 1606இல் மதுரைக்கும் வந்து சேர்ந்தார். அவரால் எழுந்த பெருவிவாதத்தை நம் எழுத்தாளர் பலர் பண்பாட்டுமயமாதலின் கதையாகவே சொல்லிவருகின்றனர். அதை ஒரு நேர்வாகவும் படிக்கலாம். பிராமணர் ஒருவர் திருமுழுக்குப் பெற விரும்புகிறார். பூணூலையும் குடுமியையும் சந்தனப் பொட்டையும் அவர் வைத்துக்கொள்ளலாமா? சிலை வழிபாட்டின் அடையாளம் என்றால் விலக்கப்பட்டது. இது ஒரு முனை. உடையும் அணியும் போன்றது என்றால் தடையில்லை, இது மறுமுனை. பூணூல் எம்முனைக்கு நெருக்கமானது? தெ நொபிலி பிராமணரின் சட்ட நூல்களையும் நடைமுறைகளையும் திருச்சபைத் தந்தையரின் முன்மாதிரிகளையும் திரட்டி, அது சமயச் சின்னமன்று, சமுதாய மதிப்பின் சின்னமே என்று வாதிட்டார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623ஆம் ஆண்டு சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடவழக்கங்களை நீக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு அனுமதி வழங்கினார். நேர்வு ஆராய்ச்சியின் வெற்றி என்றே இதைச் சொல்ல வேண்டும். நுணுக்கமும் துணிவும் அதில் உண்டு.

ஆயினும் அந்த நேர்வு எழுதப்பட்ட விதத்தைக் கூர்ந்து நோக்குக. பூணூல் சமுதாய மதிப்பின் சின்னம். ஆகவே தடையில்லை என்பது வாதம். அந்தச் சமுதாய மதிப்பு எவர் தலைமீது நின்றது என்னும் வினா நேர்வுக்குள் இல்லை. நேர்ந்தவர் என்று அங்கே கருதப்பட்டவர் பூணூல் அணிந்தவர் ஒருவரே. அதை அணிய வழியற்றவருக்கும், அணிந்தவரின் தெருவில் நடக்கக் கூடாதவருக்கும் அந்தத் தீர்ப்பால் ஏதோ நேரப்போகிறது என்பதை எந்தத் தரப்பு வழக்கறிஞரும் முதன்மையாக எடுத்துரைக்கவில்லை. திருத்தந்தையின் ஆவணம் மட்டும், உயர்குடிப் பிறப்பால் பெருமை கொள்வோர் எளிய பிறப்பினரை, அதிலும் ஆலயத்தில், இகழலாகாது என்று அறிவுறுத்தியது. அறிவுரையாக வந்ததே தவிர நிபந்தனையாக வரவில்லை. 1640 முதல் பண்டாரசுவாமிகள் எனப்பட்ட குருக்கள் மற்றச் சாதியாரிடையே பணிபுரியத் தொடங்கினர். 1704இல் பாப்பிறைத் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில்தான், பறையர் என அன்று பெயரிடப்பட்ட மக்கள் நேர்வுக்குள் நேரடியாக நுழைகின்றனர்: அவர்களுள் நோயுற்றோரின் வீட்டுக்கே சென்று குரு அருட்சாதனம் வழங்க மறுக்கலாகாது. நோயாளியைச் சந்திப்பதா வேண்டாமா என்பது ஓர் ஆணை பிறப்பிக்கும் அளவுக்குக் கேள்வியாகியிருந்தது! நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின், 1744இல் பதினான்காம் பெனடிக்ட், அம்மக்களுக்கெனத் தனிக் குருக்கள் என்னும் ஏற்பாட்டுக்கு இசைந்தார். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நின்ற ஊர்களை அறிந்த நம் வாசகருக்கு, ‘தனி’ என்னும் அச்சொல்லின் பின்வரலாற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இம்முறை வேறு காரணத்தால் வீழ்ந்தது. 1600இல் ஹுவான் அசோரின் அறநெறி நூலின் முதல் தொகுதி வெளிவந்தபின் நேர்வுத் தொகுப்புகள் மளமளவெனப் பெருகின. 1656, 1657ஆம் ஆண்டுகளில் பிளேஸ் பாஸ்கல் புனைபெயரில் வெளியிட்ட பதினெட்டு மடல்கள், அத்தொகுப்புகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கியெடுத்து நகையாடின. ஒற்றைக்கு ஒற்றைப் போருக்கு அறைகூவப்பட்ட ஒருவர், போரிடும் எண்ணமின்றி அத்திடலில் உலாவச் செல்லலாம். தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. எஸ்கோபார் என்னும் ஸ்பானிய இறையியலாளரின் பெயர் பிரெஞ்சு மொழியில் மழுப்புதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பாஸ்கல் முற்றிலும் நேர்மையாக நடந்துகொண்டார் என்று என்னால் சொல்ல இயலாது. நடந்து முடிந்த தவற்றை இரக்கத்தோடு எடைபோடக் குருவுக்கு எழுதப்பட்டதை, இனிச் செய்யப் போகிறவருக்குத் தரப்பட்ட ஆலோசனைபோல அவர் காட்டினார். ஆனால் அந்நூல்கள் அப்படியும் படிக்கப்பட்டன என்பதை அவர் கண்டுகொண்டார். திருச்சபையும் கண்டது: 1665, 1666இல் ஏழாம் அலெக்சாந்தரும் 1679இல் பதினோராம் இன்னொசென்டும் நூற்றுக்கு மேற்பட்ட தளர்ந்த கருத்துகளைக் கண்டித்து விலக்கினர்.

அடுத்த நூற்றாண்டில் இக்கலையை மீட்டவர் புனித அல்போன்ஸ் லிகோரி. நேப்பிள்சில் வழக்கறிஞராக இருந்த அவர், 1723இல் பெரும் வழக்கொன்றில் தோற்று நீதிமன்றத்தை விட்டு வெளியேறியவர். மலையோர ஆடு மேய்ப்பவரிடையே மறையுரை ஆற்றியவர். 1748இல் வெளியான அவருடைய அறநெறி இறையியலில் நூலறிவோடு, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நெடுநேரம் அமர்ந்த அனுபவமும் பேசுகிறது. அவருக்குப் பின் வந்த கையேடுகளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. அவற்றில் வருவோர் தீத்தியுஸ், காயுஸ், பெர்த்தா என்னும் நிழல்மனிதர்களே. தீத்தியுஸ் திருடுவார், காயுஸ் அதை வாங்குவார், பெர்த்தா மணவாக்கை மீறுவார். தீத்தியுசுக்கு வயது இல்லை, ஊர் இல்லை, குழந்தைகள் இல்லை. கேள்வியை எழுதும்போதே விடை அதனுள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருக்களின் அறநெறிக் கூட்டங்களைக் கட்டாயமாக்கியது. எனவே தீத்தியுஸ் 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தார்.

குருமடங்களில் நேர்வு இவ்வாறு உலர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதைப் பற்றிய நினைவே இல்லாத வேறோர் இடத்தில் அது புதிதாய் முளைத்தது. 1870இல் ஹார்வர்டு சட்டப்பள்ளியின் தலைவரான கிறிஸ்டபர் லாங்டெல், ஒப்பந்தச் சட்ட வகுப்பில் விரிவுரையைக் கைவிட்டார். முதல் நாளே ஒரு மாணவரை அழைத்து, ‘பேய்ன் எதிர் கேவ்’ வழக்கின் செய்திகளைக் கூறுமாறு பணித்தார். அது 1789ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு. சாராயம் வடிக்கும் கருவியொன்று ஏலம் விடப்படுகிறது. ஒருவர் 40 பவுன் கேட்கிறார், அதற்குமேல் கேட்பாரில்லை. சுத்தியல் விழுமுன் அவர் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுவிடுகிறார். அவர் வாங்கியே தீர வேண்டுமா? தேவையில்லை, சுத்தியல் விழும்வரை ஒப்பந்தம் இல்லை என்றது மன்றம். நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்திலும் இதுவே விதி. திருவிழா ஏலத்தில் உற்சாகமாகக் கையுயர்த்திவிட்டு இல்லத்தரசியின் முகம் கண்டு பின்வாங்கும் அன்பர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மாணவர்கள் முதலில் வெறுத்தனர். பலர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினர். 1872இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப்பள்ளி தொடங்கப்பட்டதற்கு இம்முறைமீதான எதிர்ப்பும் ஒரு காரணம். ஆனால் லாங்டெல் அசையவில்லை. சட்டம் ஓர் அறிவியல். நூலகமே அதன் ஆய்வுக்கூடம் என்பது அவர் நம்பிக்கை. வழக்கில் தோற்றவரும் வென்றவரும் அவருக்கு அக்கறைக்குரியவர்கள் அல்லர். அவர்களுக்குள் மறைந்திருக்கும் விதியே வேண்டும். பேய்னும் கேவும் உண்மை மனிதர்கள்தாம். எனினும் அந்த வகுப்பில் அவர்கள் தீத்தியுசின் உறவினராகிவிட்டனர்.

சட்ட மாணவர்களிடமிருந்து முறை மருத்துவத்துக்குப் பரவிய விதம் சுவையானது. ஹார்வர்டு மருத்துவ மாணவர் வால்டர் கேனன், தம் அறைத்தோழரான சட்ட மாணவர் தம் வழக்குகளைப் பற்றி ஆர்வத்துடன் பேசுவதைக் கேட்டார். நமக்கு மட்டும் ஏன் தூங்கவைக்கும் விரிவுரை என்று வியந்து, 1900இல் மருத்துவத்திலும் இம்முறையைக் கையாள வேண்டும் என்று கட்டுரை எழுதினார். ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர் அதைச் செயலாக்கி, 1906இல் நேர்வுகளைக் கொண்ட பாடநூலையும் வெளியிட்டார். இந்தக் கேபட்டை நாம் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப்பள்ளியில், 1919இல் தலைமையேற்ற வாலஸ் டோனம் தாமே லாங்டெல் பள்ளியில் சட்டம் பயின்றவர். அவர் காலத்தில் நேர்வு அங்கே நிலைபெற்றது. 1921இல் எழுதப்பட்ட முதல் நேர்வு ஒரு காலணித் தொழிற்சாலையைப் பற்றியது. பணி முடியும் நேரத்துக்கு முன்பே தொழிலாளர் வேலையை நிறுத்திவிடுகின்றனர்; நிருவாகி என்ன செய்ய வேண்டும்? நிருவாகி என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி. தொழிலாளர் ஏன் நிறுத்துகின்றனர் என்பது அவர் கண்டறிய வேண்டிய செய்திகளுள் ஒன்று. மாணவர் அமரும் நாற்காலி எப்பொழுதும் மேசைக்கு அந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறது. நிறுவனங்களுக்கே சென்று எழுதப்படும் நேர்வுகள் பொதுவாக அந்நிறுவனத்தின் ஒப்புதலோடுதான் வெளிவருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஹார்வர்டின் துணையோடு 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் அமைந்தபோது இம்முறை நம் நாட்டுக்கு வந்தது. இயேசு சபையினர் 1949இல் ஜாம்ஷெட்பூரிலும் 1979இல் சென்னை லொயோலா வளாகத்திலும் தொடங்கிய மேலாண்மைப் பள்ளிகளின் மாணவர்களும் இன்று நேர்வுகளைப் படிக்கின்றனர். தம் மூதாதையர் 1599இல் விதிகள் வகுத்த ஒரு முறையைப் பேரர்கள் அமெரிக்காவிலிருந்து பெற்றனர் என்பதை எண்ணும்போது புன்னகை வருகிறது.

இதற்குள் குருமடத்தில் என்ன நடந்தது? 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், அறநெறி இறையியல் திருவிவிலியத்தால் மிகுதியாக ஊட்டம்பெற வேண்டும் என்று பணித்தது. வேண்டிய திருத்தமே. ஆனால் தீத்தியுசை வழியனுப்பிய வேகத்தில் நேர்வையே பல இடங்களில் வழியனுப்பிவிட்டனர். கொள்கைகள் உயர்ந்தன, அவற்றை ஒரு குறிப்பிட்ட வீட்டின் வாசலில் வைத்து எண்ணிப்பார்க்கும் பழக்கம் குறைந்தது. இழப்பு இன்னதென்பதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் குருமடத்துக்கு வெளியே இருந்தனர். மனிதர்மீது நடத்தும் மருத்துவ ஆராய்ச்சியை ஒழுங்குபடுத்த 1974இல் அமெரிக்க அரசு ஓர் ஆணையம் அமைத்தது. முன்னாள் இயேசு சபைக் குருவான ஆல்பர்ட் ஜான்சன் அதன் உறுப்பினர். மெய்யியலாளர் ஸ்டீவன் தூல்மின் அதற்காகப் பணியாற்றியவர். பல சமய, சமயமற்ற பின்னணியினர் கூடிய அவ்வாணையத்தில், கொள்கைகளைப் பற்றிப் பேசும்போது ஒத்துவராதவர்கள் குறிப்பிட்ட நேர்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்ததை இருவரும் கண்டனர். 1988இல் இணைந்து எழுதிய நூலில், பாஸ்கல் புதைத்த பழங்கலைக்கு அவர்கள் நியாயம் வழங்கினர்.

எனினும் நேர்வைக் குருப் பயிற்சிக்குள் உண்மையாகத் திரும்பக் கொணர்ந்தவர் கத்தோலிக்கர் அல்லர். நூலாசிரியராக அறிமுகமானவரும் அல்லர். ஆன்டன் பாய்சன் என்னும் பிரெஸ்பிடேரியன் போதகர் 1920இல் மனநோய்க்கு ஆளாகி, மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். நோயாளிகளை மருத்துவர் ஆராய்ந்தனர். அவர்களுடைய ஆன்மிகப் போராட்டத்தைக் கேட்பார் எவருமில்லை என்பதை அங்கே உள்ளிருந்து கண்டார். வெளிவந்தபின் அதே ரிச்சர்டு கேபட்டிடம் நேர்வு முறையைக் கற்றார். 1925ஆம் ஆண்டுக் கோடையில், தாம் சிற்றாலயக் குருவாகப் பணியாற்றிய வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர் ஒருசிலரை அழைத்து, அவர்களை நோயாளிகளின் பணியாளராக வேலைசெய்ய வைத்தார். நூல்களைப் படிக்கும் அதே கவனத்தோடு உயிருள்ள மனித ஆவணங்களைப் படியுங்கள் என்பது அவர் பாடம். 1936இல் வெளியிட்ட நூலில் தம் நோயையே ஒரு நேர்வாக எழுதிவைத்தார். 1960இல் தன்வரலாறாக அதை விரித்தார். நான் அறிந்த இவ்வரலாற்றில், தமக்கு நேர்ந்ததைத் தாமே நேர்வாக எழுதி வகுப்பின்முன் வைத்த முதல் ஆசிரியர் இவரே. குருவின் வகுப்பை விட்டு அகன்றிருந்த நேர்வு, சட்டத்தையும் மருத்துவத்தையும் கடந்து, ஒரு நோயாளியின் கைவழியாகக் குருவிடம் திரும்பியது.

இன்று நம் குருமடங்களில் அருட்பணிப் பயிற்சியின்போது, மாணவர் ஒருவர் மருத்துவமனையில் நோயாளியுடன் பேசியதை நினைவிலிருந்து அப்படியே எழுதிவந்து ஆசிரியர்முன் வைப்பது பாய்சன் தொடங்கிய பயிற்சி மரபிலிருந்து வளர்ந்ததே. அங்கே எடைபோடப்படுவது நோயாளி இல்லை, மாணவரின் செவி. பெயரை மாற்றிவிடுகின்றனர். பெருநகரில் அது போதும். முந்நூறு குடும்பம் உள்ள ஒரு பங்கில் பெயரை மாற்றினால் போதுமா? ‘கணவர் வெளிநாட்டில், மூத்த மகன் ஊமை’ என்று சொன்ன உடனே ஊருக்கு வீடு தெரிந்துவிடும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதோ எம்மாற்றத்தோடும் வகுப்புக்கு வரக் கூடாது; 1983ஆம் ஆண்டுச் சட்டம், வெளிப்படும் ஆபத்து இல்லாதபோதும் அந்த அறிவை அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தலாகாது என்கிறது. அந்த முத்திரை காக்கப்பட வேண்டியதே. ஆகவே புனைந்த நேர்வு இன்றும் தேவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய ‘அமோரிஸ் லெத்தீத்சியா’வின் 304ஆம் எண்ணில், பொதுவிதி எல்லாத் தனிச்சூழலையும் தழுவிவிட முடியாது என்று புனித தாமஸ் அக்குவினாசைத் துணைக்கழைத்துச் சொல்கிறார். அதே பத்தியிலேயே, தனிச்சூழலில் கண்டதை விதியாக உயர்த்துவது தாங்கவொண்ணாத நேர்வு நுணுக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்றும் எச்சரிக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருப்பதே இக்கலையின் இடர்ப்பாடு.

புனைய வேண்டும் என்றால் புனைபவர் யார்? இதுவரை குருவும் பேராசிரியரும் நிருவாகியும் புனைந்தனர். திருமணத் தயாரிப்பு வகுப்புகளுக்கும் அன்பியக் கூட்டங்களுக்கும் குருமட அறநெறி வகுப்புகளுக்கும் வேண்டிய நேர்வுகளைப் பொதுநிலையினரே எழுதித் தரலாம் என்பது என் எண்ணம். ஏழாம் கட்டளைக்கு ஒன்று சொல்லிப்பார்க்கிறேன். பத்துப் பெண்கள் கூட்டுப் பொறுப்பில் ஒரு கடன் நிறுவனத்திடம் பணம் பெற்றுள்ளனர். ஒருவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார். மூன்று வாரத் தவணை நின்றுவிட்டது. பணம் வரும்வரை அவர் வீட்டு வாசலில் மற்ற ஒன்பது பேரும் போய் உட்காரவேண்டும் என்கிறார் வசூலிக்க வந்தவர். குழுவின் தலைவி ஞாயிறுதோறும் முதல் வாசகம் வாசிப்பவர். அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான அடுத்த கடன், இந்தத் தவணை அடைபட்டால்தான் கிடைக்கும். அவர் போய் உட்காரலாமா? இந்த நேர்வைத் தலைவியின் வாய்மொழியாக எழுதுவதா, வாசலுக்கு உள்ளே இருக்கும் பெண்ணின் வாய்மொழியாக எழுதுவதா என்பதிலிருந்தே வகுப்பின் முதல் விவாதத்தைத் தொடங்கலாம்.